ஏற்காட்டில் உறைந்து நின்ற போர்டும் வாட்ச்டாக்கும்

ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்துப் பம்பு ஷெட்டில் ஒரு அர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வைத்திருக்கிறோம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடும். இடி, மின்னல் நாட்களில் மட்டும் அப்படியே உறைந்துவிடும். ரீசெட் பட்டனை அமுக்க, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும்.

இதற்கென்றே சிப்புக்குள் வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. 8 விநாடி கெடு வைத்தேன். அதற்குள் புரோகிராம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று டைமருக்குக் குரல் கொடுக்காவிட்டால் போர்டு தானே ரீசெட் ஆகும்.

சோதிக்க, வேண்டுமென்றே முடிவில்லாத லூப்பில் மாட்டிவிட்டேன். ரீசெட் ஆனது, எழவில்லை. எல்இடி படபடவென்று துடித்தபடியே இருந்தது. காரணம் பழைய பூட்லோடர், அதாவது போர்டு எழுந்ததும் நம் புரோகிராமுக்கு முன்னால் ஓடும் சின்ன புரோகிராம். வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் டைமர் ஓடும், அதுவும் மிகக் குறுகிய கெடுவில், சுமார் 15 மில்லிவிநாடி. பூட்லோடர் அதை அணைப்பதில்லை; புரோகிராம் தொடங்குவதற்குள் அடுத்த ரீசெட் வந்துவிடும். இன்னொரு அர்டுயினோவைப் புரோகிராமராக வைத்து ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை ஏற்றினேன், சரியாகிவிட்டது. நானோ குளோன் (நகல் போர்டு) வாங்குபவர்கள் முதலில் எந்த பூட்லோடர் என்று பாருங்கள்.

அப்புறம், வாட்ச்டாக்குக்குக் குரல் கொடுக்கும் வரியை டைமர் இன்டரப்டில் (மெயின் லூப்பை இடைமறித்து, குறித்த நேரத்தில் தானே ஓடும் பகுதி) வைக்காதீர்கள். மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் ஓடும். சென்சார் படித்து முடிக்கும் இடத்தில் வையுங்கள். மோட்டாரைப் போடும் ரிலே (மின்சுவிட்ச்) 'லோ'வில், அதாவது சிக்னல் தாழ்ந்தால் இயங்கும் வகை என்றால், அதன் சிக்னல் பின்னில் (pin) ஒரு 10 கிலோ ஓம் புல்அப்பும் (சிக்னலை உயர்வாகவே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். ரீசெட் நேரத்தில் மோட்டார் தானாக ஓடாது.