பழைய லூகரின் கருநீலத்தை ஓர் இரும்புப் பட்டையில் வரவழைப்பது எப்படி?

முதல் உலகப் போர்க் காலத்து லூகர் பி08 கைத்துப்பாக்கியின் உடம்பு ஆழ்ந்த கருநீலமாக இருக்கும், விசை மாதிரியான சின்னப் பாகங்கள் மட்டும் வைக்கோல் நிறத்தில் மின்னும். இரண்டுமே பெயிண்ட் இல்லை, எஃகின் மேலேயே வளர்த்த ஆக்சைடு. கருநீலத்துக்கு எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைக் கொதிக்கவைத்துக் கருக்க வேண்டும். பழகுவதற்கு ஒரு சாதாரண இரும்புப் பட்டை போதும் (ஸ்டெயின்லெஸ் வேண்டாம், துருவே பிடிக்காது). நிஜத் துப்பாக்கியில் மட்டும் கை வைக்காதீர்கள், அசல் மேற்பரப்பு போனால் மதிப்பும் போச்சு.

முதலில் தேய்ப்பு. பாதிக்கு மேல் வேலை இதில்தான். அரத்தை நீளவாக்கில் இழுத்துச் சமன் செய்துவிட்டு 180, 320, 400 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போங்கள். தாளை மரக்கட்டையில் சுற்றித்தான் பிடிக்க வேண்டும், வெறும் விரலால் தேய்த்தால் ஓரம் மழுங்கி, துளை இருந்தால் அதன் விளிம்பு குழிந்துவிடும். பழைய துப்பாக்கியைப் பின்னாளில் யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள் என்று சேகரிப்பாளர்கள் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் இந்த விளிம்பையும் மழுங்கிய முத்திரை எழுத்துகளையும் வைத்துத்தான். 400 போதும், ரொம்ப வழவழத்தால் துரு சீராகப் பிடிக்காது. விட்ட கீறலை எந்தக் கரைசலும் மறைக்காது.

அப்புறம் அசிட்டோனால் எண்ணெய்ப் பசையை எடுங்கள். இதற்குமேல் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கைரேகை அப்படியே பதியும்.

இனி துரு. அந்தக் காலத்தில் அமிலங்களில் இரும்பைக் கரைத்துக் கரைசல் செய்தார்கள், நாம் கடையில் விற்பதையே வாங்கிக்கொள்ளலாம். பஞ்சில் தொட்டு, பிழிந்து, ஒரே ஒரு மெல்லிய இழுப்பு. ஈரப்பதமான இடத்தில் சில மணி நேரம் தொங்கவிட்டால் மேலெல்லாம் பொடிப்பொடியாகச் செந்துரு பூத்திருக்கும். பட்டையைப் பேட்டரி தண்ணீரில் (காய்ச்சி வடித்த தண்ணீர், அமிலம் இல்லை) பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். செந்துரு நம் கண்ணெதிரே வெல்வெட் மாதிரி கருத்துவிடும், மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. பசை நீக்கிய ஸ்டீல் வுல்லால் மென்மையாக வருடினால் மேலே ஒட்டாத தூள் உதிர்ந்து, அடியில் சாம்பல் நிறம் தெரியும். முதல் சுற்றில் இவ்வளவுதான் வரும், சோர்ந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப ஆறேழு சுற்று போனால் கருநீலம் ஆழமாகும். கடைசிச் சுற்று முடிந்ததும் எண்ணெயில் ஊறப் போடுங்கள்.

வைக்கோல் நிறத்துக்குக் கரைசலே வேண்டாம், சூடு மட்டும்தான். பளபளப்பாக்கிய சின்னத் துண்டைச் சூடான மணலில் வைத்துக் கண்ணெடுக்காமல் பாருங்கள்: 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் மஞ்சள் ஏறும், 300ஐ நெருங்கினால் ஊதா தாண்டி நீலமாகிவிடும், அதனால் மஞ்சள் வந்த கையோடு இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். 1937 வாக்கில், அப்போது லூகரைத் தயாரித்த மாசர் தொழிற்சாலை, சூடான உப்புக் கரைசலில் முக்கிக் கருக்கும் வேகமான முறைக்குப் போனபோது இந்த வைக்கோல் நிறத்தையும் கைவிட்டது.