மாருதி 800: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே சேர்த்து இறக்க

கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றுவதென்றால் கியர்பாக்ஸைத் தனியாகக் கீழ்வழியே இறக்கினால் போதும். 796 சிசி எஞ்சினுக்கே வேலை இருந்தால் இரண்டையும் ஒன்றாக மேல்வழியே தூக்குங்கள். வெளியே எடுத்துத் தரையில் வைத்தபின், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளை நிதானமாகப் பிரிக்கலாம்.

எதில் தூக்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போர்ட்டிகோ கொக்கி ஃபேனுக்குப் போட்டது, அதில் செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கப்பி) மாட்டவே கூடாது. எஞ்சின் கிரேனை வாடகைக்கு எடுங்கள். மண் தரையில் அதன் சக்கரம் புதையும், சிமெண்ட் தரை வேண்டும்.

முந்தின இரவே சைலன்சர் பைப் போல்ட்டுகளில் துரு விடும் ஸ்பிரே அடியுங்கள். சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் இவை சட்டென்று முறியும். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியா? பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பிடுங்கி, தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். லைனில் பிரஷர் இறங்கிவிடும்.

காலையில் எஞ்சின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள். பானெட் கீல் இருக்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக வரும். கூலன்ட், எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்து, ரேடியேட்டரை எடுத்துவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு வயருக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். ஏசி இருந்தால் கேஸ் பைப்பைத் திறக்காமல், கம்ப்ரஸரை மட்டும் அவிழ்த்து ஓரமாகக் கட்டுங்கள்.

பலர் கெடுத்துக்கொள்வது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலில்தான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, சக்கரப் பகுதியை வெளிப்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்கும் உள் ஜாயின்ட் கப்புக்கும் இடையில் நெம்புகோலைக் கொடுத்து ஒரே தட்டாக நெம்பினால், பிடித்திருக்கும் சர்க்கிளிப் (பூட்டு வளையம்) விட்டு ஆக்ஸில் வெளியே வரும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள்: அது உள் ஜாயின்ட் கப்பை விட்டுக் கழன்று, ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையும் கிழியும். கழன்ற ஆக்ஸிலைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள்.

கிளட்ச் கேபிள், கியர் ராடு, பெட்ரோல் ஹோஸ், சைலன்சர் பைப் எல்லாம் கழன்றபின் செயினை மாட்டி இறுக்குங்கள். எடை செயினுக்கு வந்தபிறகே, எஞ்சினை வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட்டில் கை வையுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் சுலபமாக வெளிவரும். இரண்டு அங்குலம் தூக்கியதும் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் எர்த் வயர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஹீட்டர் ஹோஸ் ஆகிய நான்கில் ஒன்றாவது மறந்திருக்கும். இழுபடுகிறதென்றால் இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

இறக்கியபின் ஆக்ஸில் ஆயில் சீல் இரண்டையும், கிராங்க் பின்பக்க சீலையும் புதிதாகப் போடுங்கள். சீல் ஒழுகினால் இத்தனை வேலையும் மறுபடி. மவுண்டிங் பிராக்கெட் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம். சீலும் ரப்பரும் மட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதியதாக வாங்குங்கள்.