நகச்சுற்று: விரல் தெறிக்கும்போது செய்யக்கூடாதவை

போன ஆடி மாதம் பெகு பக்கத்துக் கிராமத்திலிருந்து என் சின்னம்மா ரங்கூனுக்கு வந்து இறங்கியபோது, வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். நடுவிரலில் மஞ்சளும் சுண்ணாம்பும் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. அதன்மேல் துணி, துணியின்மேல் நூல் சுற்று. விரலடியில் நெளி மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. "மூணு ராத்திரியா கண்ணு மூடலப்பா" என்றார்.

நடவு நேரம். நகத்தோரம் பிய்ந்து நின்ற சின்னத் தோல் ஒன்றைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறார். அவ்வளவுதான் ஆரம்பம்.

நகச்சுற்று பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நகமும் தோலும் சேரும் ஓரம் ஒட்டி மூடியிருக்கும் வரை கிருமி உள்ளே போக வழியில்லை. தோலைப் பிய்த்தாலோ, நகத்தை ஒட்ட வெட்டினாலோ, முள் குத்தினாலோ அந்த மூடி திறந்துவிடும். நம் தோல்மேலேயே குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே இறங்கிவிடும். பல்லால் கடித்தால் வாயிலுள்ள கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். பிய்ந்த தோலை இழுக்காமல், கையைக் கழுவிவிட்டு நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிட்டாலே பாதி நகச்சுற்று வராது.

முதல் ஓரிரு நாள் நகத்தோரம் சிவந்து, சூடாகி, தொட்டால் வலிக்கும். சீழ் இன்னும் சேர்ந்திருக்காது. வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இதுதான். அடுத்து, தோலுக்கடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ் தெரியும். வலி விண் விண்ணென்று தெறிக்கும். கையைத் தொங்கவிட்டால் உயிர் போகும், ராத்திரி தூக்கம் வராது. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் மேலே எதைத் தடவினாலும் அடைபட்ட சீழ் வெளியே வராது. இந்த இரண்டு கட்டத்தையும் பிரித்துப் பார்க்காமல் முதல் நாள் வைத்தியத்தையே ஆறாம் நாளும் செய்துகொண்டிருப்பதுதான் நம் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. வலியால் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால், விடிந்ததும் டாக்டர். என் வீட்டில் இப்போது இதுதான் கணக்கு.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். பழத்தின் தலையைச் சீவி, துளை போட்டு, விரலில் தொப்பி மாதிரி சொருகிவிடுவது. எல்லாப் பாட்டியும் செய்தது, என் பாட்டியும் செய்தார். பழம் குளிர்ச்சியாக இருப்பதால் சூடான விரலுக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஈரத்தில் தோலும் இளகும். ஆனால் அதன் புளிப்பு மேல்தோலோடு நின்றுவிடும், உள்ளே உட்கார்ந்திருக்கும் கிருமியைத் தொடாது. ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் தோல் வெளுத்து ஊறி, பிய்ந்த இடம் இன்னும் அகலமாகும். இன்னொன்றும் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும், அந்த இடம் கறுத்து வாரக்கணக்கில் நிற்கும். வயலில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு இது வேண்டாத வேலை.

அதற்குப் பதில் வெந்நீர் போதும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு கிண்ணத்தில் எடுத்து, விரலை 15 நிமிடம் மூழ்க வைக்க வேண்டும். ஆறினால் கொஞ்சம் சுடுநீர் ஊற்றிக்கொள்ளலாம். நாளைக்கு மூன்று, நான்கு முறை செய்ய வேண்டும். அந்தச் சூட்டில் விரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், சீழ் இருந்தால் தானாக வழி கண்டு வெளியேறவும் வாய்ப்புண்டு. உப்பு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. முடிந்ததும் நன்றாகத் துடைத்து உலர விட வேண்டும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள். சர்க்கரை வியாதியால் விரல் மரத்திருப்பவர்கள் தண்ணீர்ச் சூட்டைத் தாங்களே பார்க்கக் கூடாது. வேறு யாராவது முழங்கையை நனைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. இங்கே தெருவுக்குத் தெரு வெற்றிலைக் கடை, சுண்ணாம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். மஞ்சளோடு குழைத்து அப்பினால் காந்தும். "இழுக்குது, சீழை இழுக்குது" என்பார்கள். இழுக்கவில்லை, தோல் வெந்துகொண்டிருக்கிறது. சுண்ணாம்பு கடுமையான காரம். நாள் முழுக்கச் சுண்ணாம்பில் கை வைப்பவர்களின் விரல்நுனித் தோல் உரிவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல தோலுக்கே அந்தக் கதி என்றால், பிய்ந்து வீங்கிய இடத்துக்கு என்ன ஆகும்? பற்று காய்ந்ததும் விரலை நெருக்கும். மஞ்சள் கறையில் சிவப்பு எங்கே வரை பரவியிருக்கிறது என்பதும் தெரியாது. சின்னம்மாவின் விரலிலிருந்து அந்தக் காய்ந்த பற்றை ஊறவைத்து எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. எடுத்த பிறகுதான் சிவப்பு இரண்டாம் கணுவரை ஏறியிருந்தது தெரிந்தது.

தனகா (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து), பற்பசை, சாம்பல் எதுவும் திறந்த புண்ணில் வேண்டாம். சாணம் வேண்டவே வேண்டாம், தனுர்வாதக் (டெட்டனஸ்) கிருமி அதில் இருக்கலாம். ரங்கூனில் தெயின்ஜி மார்க்கெட் பக்கம் போனால் வேரும் பட்டையும் குவிந்து கிடக்கும், எங்கள் வீட்டிலும் வாங்குவோம், சளிக்குக் கஷாயம் போடுவோம். அடைபட்ட சீழுக்கு அவை உதவாது.

அடுத்தது ஊசி. தீயில் காட்டிய ஊசியால் குத்தி, இரண்டு பெருவிரலாலும் பிதுக்குவது. சீழ் வெளியே வர வேண்டும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் டாக்டர் செய்வது வேறு. மரத்துப்போக ஊசி போட்டு, நகத்துக்கும் தோலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் கருவியை நுழைத்து மடிப்பை மெல்லத் தூக்கிவிடுவார். சீழ் அந்த இடுக்கு வழியாக வடியும். வீட்டில் நாம் மேலிருந்து உயிருள்ள சதையைக் குத்துகிறோம், பிதுக்கும்போது பாதி வெளியே வந்தால் மீதி இன்னும் ஆழத்துக்குப் போகிறது.

விரல்நுனிச் சதையில், அதாவது ரேகை இருக்கும் பக்கத்தில் சீழ் கட்டினால் இன்னும் கவனம் வேண்டும். ஆரஞ்சுச் சுளைக்குள் சின்னச் சின்ன முத்துகள் அடைந்திருப்பது போல, அந்தச் சதை நார்த் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. சீழ் சேர்ந்தால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி ஏறி ரத்த ஓட்டம் குறையும், கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரிக்கும். நுனி கல் மாதிரி இறுகி, தெறித்து வலித்தால் அன்றைக்கே போக வேண்டும்.

கீறவே கூடாத ஒன்றும் உண்டு. விரலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, எரிச்சலும் வலியும் அதிகமாக இருந்தால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். வாயில் புண் வந்த குழந்தை விரல் சூப்பினால் இப்படி வரும். இதைச் சீழ் என்று நினைத்துக் குத்தினால் வேறு கிருமியும் உள்ளே போய்ச் சேரும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். ஆரம்பத்திலேயே காட்டினால் வைரஸுக்கான மாத்திரை கொடுப்பார்கள்.

மாத்திரை என்றதும் பொட்டலம் நினைவுக்கு வருகிறது. சின்னம்மா மூன்றாம் நாள் ஊரில் ஒரு மருந்துக் கடையில் விரலைக் காட்டியிருக்கிறார். வெள்ளையில் இரண்டு, பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, சின்ன பிளாஸ்டிக் பையில். பெயர் எதுவும் எழுதியில்லை. ஒரு நாள் வலி குறைந்தது, அதனால் இன்னும் இரண்டு நாள் கடத்திவிட்டார். இப்படிப் பெயரில்லாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது சிவப்பையும் வீக்கத்தையும் மட்டும் அடக்கும், அடியில் கிருமி தன்பாட்டுக்கு வளரும், சர்க்கரையும் ஏறும். ஆன்டிபயாடிக் இருந்தாலும் இந்தக் கிருமிக்கு ஏற்றதா, உங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்பது கடைக்காரருக்குத் தெரியாது. இன்னொன்று, சீழ் மூட்டையாகச் சேர்ந்த பிறகு மாத்திரை மட்டும் அதைக் கரைக்காது. சீழை எடுத்துவிட்டால் சாதாரண நகச்சுற்றுக்குப் பல சமயம் ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும், வலி போனதும் நிறுத்திவிடக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

மோதிரத்தை வலி ஆரம்பித்த அன்றே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு சோப்பு நுரை போட்டாலும் வராது. சின்னம்மாவின் நெளி மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள், விரல் வலியைவிட அதற்குத்தான் அவர் அதிகம் அழுதார். துணியை இறுக்கி நூல் சுற்றுவதும் அதே கெடுதல்தான். தளர்வாக ஒரு சுத்தமான கட்டு, கை நெஞ்சுக்கு மேலே, அவ்வளவு போதும்.

இனி, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாதவை. கையில் சிவப்புக் கோடு மேலே ஏறுகிறது, அக்குளில் நெறி கட்டுகிறது, குளிர் காய்ச்சல் வருகிறது என்றால் கிருமி விரலை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதைவிட எளிதாக ஏமாற்றுவது, விரலை மடக்கும் தசைநாரின் உறைக்குள் போகும் சீழ். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் கனாவெலின் பெயரால் நான்கு அடையாளங்களை இன்றும் பார்க்கிறார்கள். விரல் முழுக்க ஒரே சீராக வீங்கியிருக்கும், லேசாக மடங்கியே நிற்கும், உள்ளங்கைப் பக்கம் நெடுக அழுத்தினால் வலிக்கும், வேறொருவர் விரலை நிமிர்த்தினால் துடித்துப்போவீர்கள். நான்கும் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாமதித்தால் விரல் மடங்காமலே போய்விடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி குறைவாகத் தெரியும், சேதம் அதிகமாக இருக்கும். அவர்கள் ராத்திரி தூக்கக் கணக்கை நம்பக் கூடாது, சிவந்த அன்றே காட்ட வேண்டும். பூனை, எலி, மனிதப் பல் பட்ட விரலுக்கும் அப்படித்தான்.

மழைக்காலத்தில் மீன் ஆய்பவர்கள் கெளுத்தி முள்ளில் குத்திக்கொள்வார்கள். அந்த விஷ வலி பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அடங்கும். ஆனால் முள் நுனி முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம். இரண்டு நாளில் வீங்கினால் கையில் கிடைத்த முள்ளோடு டாக்டரிடம் போங்கள். சேற்றிலோ மீனிலோ பட்ட காயத்துக்குக் கடைசி தனுர்வாத ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்வது நல்லது.

ஆறு வாரத்துக்கு மேல் இழுக்கும் நகச்சுற்று வேறு ஜாதி. பாத்திரம், துணி, ஙப்பி (பர்மிய மீன் விழுது), மீன் என்று நாள் முழுக்க ஈரத்தில் கை வைப்பவர்களுக்கு நகத்தோரம் தடித்து, நகம் அலை அலையாக வளரும். இதற்குச் சீழ்மாத்திரை தின்று பயனில்லை. கை உலர வேண்டும், ரப்பர் உறைக்குள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொள்ள வேண்டும், டாக்டர் தரும் களிம்பு பூச வேண்டும். எதற்கும் ஆறாமல் ஒரே விரலில் மட்டும் நின்றால் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சின்னம்மாவுக்குச் சீழ் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வீடு திரும்பும் வழியில் டாக்ஸியிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நகத்தின் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். நகம் முழுசாக வந்திருந்தது.