பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை, சரி. சம்பளச் சீட்டு என்ன சொல்கிறது?

வடசென்னைக் காலடிப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில், சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் பழக்கம். மணலியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வருஷம் சம்பளச் சீட்டை நீட்டினார். "அண்ணே, பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு டிவில சொன்னாங்க. எனக்கு மட்டும் கைக்கு அதே பணம்தான் வருது. மேஸ்திரி அமுக்குறாரா?"

சீட்டில் மொத்தச் சம்பளம் 18,000. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 135. கைக்கு 16,065. வருமான வரி என்ற வரியே அதில் இல்லை. இல்லாத வரி எப்படிக் குறையும்?

முதல் தவறு இங்கேதான். விகிதம் மாறினால் எல்லார் பையிலும் ஏதாவது விழும் என்று நினைத்துக்கொள்கிறோம். 2024-25லேயே புதிய முறையில் (கழிவுகள் குறைவு, விகிதமும் குறைவு) சம்பளக்காரருக்கு 7,75,000 வரை வரி இல்லை. 2025-26ல் அது 12,75,000 ஆனது: டிவி சொன்ன 12 லட்சமும், சம்பளக்காரருக்குக் கழியும் 75,000மும் சேர்த்து. வருஷம் 9 லட்சம் வாங்குபவர் முன்பு 33,800 ரூபாய் கட்டினார், இப்போது பூஜ்யம். அவருக்கு நிஜமாகவே லாபம். வருஷத்துக்கு 2,16,000 வாங்கும் தம்பிக்கு அப்போதும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். அவரைத் தொட்டது வேறு ஒன்று: 2025 செப்டம்பர் 22ல் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. மளிகைக் கடையில் அவர் கட்டும் வரி அது.

வருமான வரி கட்டாதவர் தொழில் வரி கட்டுகிறார் என்பதும் பலருக்குத் தெரியாது. இது சென்னை மாநகராட்சிக்குப் போவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிப்பார்கள். ஆறு மாத வருமானம் 75,000ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். தம்பியின் ஆறு மாதச் சம்பளம் 1,08,000. ஆக அவருக்கும் 1,250, மாதம் மூன்று லட்சம் வாங்கும் மேனேஜருக்கும் 1,250. வருஷத்துக்கு 2,500க்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு இருப்பதால் மேலே இருப்பவர் தப்பித்துக்கொள்கிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான். அந்த மாதம் கைக்கு 14,815 வந்தால் மேஸ்திரியோடு சண்டைக்குப் போவதற்கு முன் சீட்டைப் பாருங்கள்.

அடுத்தது ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பயம். "ரொம்ப ஓ.டி. பார்த்தா ஸ்லாப் மாறி மொத்தமும் வரில போயிடும்" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எண்ணூர் பக்கம் ஒருவர் இதை நம்பி இரண்டு மாதம் ஞாயிறு ஷிப்டுக்கே போகவில்லை. அவர் சம்பளம் மாதம் 30,000. ஓ.டி. சேர்த்து வருஷத்துக்கு 4,10,000 வந்திருந்தாலும், நிலையான கழிவு 75,000 போனால் 3,35,000. வரி தொடங்கும் நாலு லட்சத்தைக்கூட எட்டவில்லை. எட்டினாலும், தாண்டிய தொகைக்குத்தான் கூடுதல் விகிதம், மொத்தத்துக்கும் கிடையாது. அந்த வரியையும், 12 லட்சம் வரை கிடைக்கும் தள்ளுபடி கழித்துவிடும். 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுபவருக்கும் சலுகை உண்டு: கழிவு போக 12,10,000 வந்தால் வரி 10,000க்கு மேல் போகாது, செஸ் என்ற கூடுதல் வரி 400 தனி.

நாலு லட்சம், பன்னிரண்டு லட்சம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. வருமானம் நாலு லட்சத்துக்குள் என்றால் வரிக்குள்ளேயே வரமாட்டீர்கள். நாலிலிருந்து பன்னிரண்டு வரை வரி கணக்காகும், பிறகு தள்ளுபடியில் பூஜ்யமாகும். அந்தத் தள்ளுபடிக்குக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். மாதம் 40,000 வாங்கினால் கழிவு போக 4,05,000, ஆகவே தாக்கல் கட்டாயம். "வரிதான் இல்லையே" என்று வழக்கமான ஜூலை 31 கெடுவை விட்டால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம், வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் 5,000. வரி பூஜ்யம், தண்டம் ஐயாயிரம்.

நான் அதிகம் வயிறெரிந்தது தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு லேப் டெக்னீஷியன் அக்காவுக்காக. சின்ன கிளினிக்கில் வேலை, மாதம் 20,000 பேசியிருந்தார்கள். கைக்கு 18,000 வந்தது. "பி.எஃப்.ல போகுது போல" என்று இரண்டு வருஷம் இருந்துவிட்டார். அவர் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்தால், சம்பளம் என்று ஒன்றுமே இல்லை. 'தொழில்முறைக் கட்டணம்' என்று காட்டி மாதம் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அவர் பான் எண்ணில் கட்டியிருந்தார்கள். வருஷத்துக்கு 24,000. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. விகிதம் என்ன மாறினாலும் இப்படிப் பிடித்த பணம் தானாகத் திரும்பி வராது, தாக்கல் செய்து கேட்டால்தான் வரும். சம்பளமாகக் காட்டாததால் அந்த 75,000 கழிவும் அவருக்கு இல்லை, சம்பளக்காரர் தாக்கல் செய்யும் எளிய ஐ.டி.ஆர்.-1 படிவமும் செல்லாது. ஒரு வருஷப் பணம் வந்தது, முந்தைய வருஷத்துக்குக் கெடு தாண்டிவிட்டது. வேலைக்குச் சேரும்போதே "ஃபார்ம் 16 தருவீங்களா, 16ஏவா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். 2025-26 வரைக்குமான கணக்கில், 16 என்றால் நீங்கள் ஊழியர். 16ஏ என்றால் அவர்கள் கணக்கில் நீங்கள் வெளியாள்.

பி.எஃப். எடுப்பதிலும் பணம் போகும். ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள், பான் கொடுக்காவிட்டால் 20. வரி வராத வருமானம் என்றால், வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதித் தரும் படிவத்தை (2026 மார்ச் வரை 15ஜி) விண்ணப்பத்தோடே சேர்க்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய பி.எஃப்.ஐ எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றினால் அந்த ஐந்து வருஷமும் தொடர்ந்து எண்ணப்படும்.

வரி மிச்சமாகும் என்று சொல்லி மார்ச்சில் பாலிசி விற்க வருவார்கள். வரியே இல்லாதவருக்கு என்ன மிச்சம்? புதிய முறையில், பாலிசிக்குக் கிடைத்துவந்த 80சி கழிவும் கிடையாது. இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றால் குடும்பத்துக்காக எடுங்கள்.

"ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், அதுல எனக்கு இவ்வளவு" என்று கமிஷன் பேசும் ஆட்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். கொடுக்காத நன்கொடை, குடியிருக்காத வீட்டு வாடகை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மாட்டினால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

கடைசியாக பான், ஆதார் இணைப்பு. டெலிவரி, லோடு வண்டி ஓட்டுபவர்களுக்குச் சில கம்பெனிகள் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். மாதம் 22,000 என்றால் 220 ரூபாய். இணைக்காத பான் என்றால் அதே இடத்தில் 20 சதவீதம், 4,400 ரூபாய். இணைக்கும்வரை ரீஃபண்டும் வராது. பலருக்கு இது சோம்பலால் நின்றதில்லை. நம் ஊர்ப் பெயர்தான் காரணம்: பானில் அப்பா பெயர் முழுசாகக் கடைசியில் இருக்கும், ஆதாரில் முன்னால் ஒற்றை இனிஷியல் நிற்கும், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது. முதலில் ஆதார் மையத்துக்குப் போய், ஆதாரில் இருக்கும் பெயரை பானில் உள்ளதுபோலத் திருத்துங்கள். 1,000 ரூபாய் கட்டணம் கட்டி இணையுங்கள். அதற்கப்புறம் என்னிடம் வாருங்கள், சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல்.