"ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன்": வாடகை வீட்டில் ரிப்பேர் வாக்குறுதியை நம்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

வீடு பார்க்கப் போனபோது குளியலறைச் சுவரில் ஓதம் காத்து ஒரு திட்டு இருந்தது. உள்ளங்கை அளவுதான். "நீங்க சாமானை இறக்குங்க, ஒரு வாரத்துல ஆள் வெச்சு முடிச்சுத் தர்றேன்" என்றார் வீட்டுக்காரர். ஒன்றரை வருடம் கழித்து நாங்கள் காலி செய்தபோது திட்டு கதவு நிலை வரைக்கும் வந்திருந்தது. சுவரைப் பூசிப் பெயிண்ட் அடிக்கும் செலவை எங்கள் முன்பணத்தில் கழித்துக்கொண்டார். "நீங்க வந்தப்புறம்தான் இப்படி ஆச்சு" என்று அவர் சொன்னபோது, மறுத்துக் காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

எங்கள் முதல் தவறு, பணத்தைக் கொடுத்துவிட்டு வேலையைக் கேட்டது. நீங்கள் கையெழுத்துப் போடும்வரைதான் வீட்டுக்காரருக்கு உங்கள் சம்மதம் வேண்டும். சாவி வாங்கிவிட்டால் அவருக்கு அவசரம் போய்விடும், அவசரமெல்லாம் உங்களுக்குத்தான். அதனால் ரிப்பேர் முடிந்த பிறகு குடிவருவதுதான் நல்லது. அதற்கு வழியில்லையென்றால் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். "தேவையான பழுதுகள் சரிசெய்து தரப்படும்" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. எது தேவை, எப்போது தேவை என்று அதில் எதுவுமே இல்லையே! எந்தச் சுவர், என்ன வேலை, எந்தத் தேதிக்குள், யார் செலவில், அந்தத் தேதி தாண்டினால் என்ன என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் செய்து தர நினைப்பவருக்குத் தேதி எழுதுவதில் கஷ்டம் இல்லை.

இன்னொன்று, பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில், இதில் எழுதியிருப்பவை மட்டுமே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி இருக்கும். வாயால் சொன்னது எதற்கும் மதிப்பில்லை என்பதுதான் அதன் பொருள். அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த தவறு, பெயிண்ட் அடித்துத் தந்ததை ரிப்பேர் என்று ஏற்றுக்கொள்வது. எங்களுக்கும் நடுவில் ஒருமுறை அடித்துத் தந்தார்கள். இரண்டே மாதத்தில் கொப்புளித்து உரிந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு நீங்களே பார்த்துவிடலாம். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரை ஒரு மணி நேரம் கவனியுங்கள். மீட்டர் நகர்ந்தால் மீட்டருக்கு இந்தப் பக்கம் வரும் குழாயில் எங்கோ கசிவு. நகராவிட்டால் சந்தேகம் கழிவுநீர்க் குழாய், டைல்ஸ் இடுக்கு, மாடி வீட்டுக் குளியலறை, வெளிச்சுவர் விரிசல் இவற்றின் மேல் போகிறது. இதைச் சொல்லிக் கேட்டால் பேச்சு பெயிண்ட்டோடு நிற்காது. தள்ளிப்போடவும் கூடாது. நனைந்த இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடலாம். மூச்சுத்திணறல் உள்ளவர்களோ சின்னக் குழந்தையோ இருக்கும் வீட்டில் இது அழகுப் பிரச்சினையே இல்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும் போனிலேயே பேசி முடிப்பது. பேசுங்கள், தப்பில்லை. பேசி வைத்ததும், "இன்று பேசியபடி, இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் கசிவைச் சரிசெய்து தருவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பதிவு இருக்கும். படம் எடுக்கும்போது திட்டுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள், இரண்டு வாரம் கழித்து அதே இடத்திலிருந்து மறுபடி எடுங்கள். வளர்ந்திருக்கிறதா என்பதை யாரும் வாதாட வேண்டியதில்லை. படங்களின் மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த தேதி, நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும்.

மின்சாரத்தில் மட்டும் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். ஹீட்டரைத் தொட்டால் சுர்ரென்கிறது, சுவிட்சில் கருகிய வாடை வருகிறது என்றால் அன்றைக்கே அந்த இணைப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழைக்கச் சொல்லுங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் மெயின் பெட்டியில் இருக்கிறதா என்று குடிவரும் முன்பே பாருங்கள். மனிதர்களைக் காக்கப் பொருத்துவது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும்.

கோபத்தில் பலரும் செய்வது வாடகையை நிறுத்துவது. நியாயம் உங்கள் பக்கம்தான், அந்தக் கோபம் எனக்கும் தெரியும். ஆனால் வாடகை பாக்கி விழுந்த அன்றே ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதுவரை கசிவைப் பற்றி இருந்த பேச்சு உங்களைக் காலி செய்யச் சொல்லும் பேச்சாக மாறும். சில இடங்களின் சட்டம், முறையாக அறிவித்த பிறகு ரிப்பேர் செலவை வாடகையில் கழிக்க விடுகிறது; பல இடங்களில் அப்படி இல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்தவரிடம் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். நீங்களே ஆள் வைத்துச் செய்வதானாலும், மதிப்பீட்டை அனுப்பி "சரி, செய்யுங்கள்" என்று எழுத்தில் வாங்கிய பிறகே கை வையுங்கள்.

அப்புறம், பிளம்பர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஒரே ஒருமுறை அப்படி நடந்தாலும், "ஆள் அனுப்பினேன், நீங்கதான் இல்லை" என்பதே அடுத்த ஆறு மாதத்துக்குப் பதிலாக இருக்கும். கசிவு மாடி வீட்டிலிருந்தோ பொதுக் குழாயிலிருந்தோ வந்தால் வீட்டுக்காரருக்கு எழுதுவதில் ஒரு பிரதியைக் குடியிருப்புச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். சங்கத்தோடு பேசி வேலையை நடத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

காலி செய்யும்போது சாமான் ஏற்றிய பிறகு, சாவியைக் கொடுக்கும் முன்பு, வீட்டுக்காரரோடு ஒவ்வொரு அறையாக நடந்து பாருங்கள். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் கையில் இருக்கட்டும். இருவரும் ஒத்துக்கொண்டதை அங்கேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.