மனநலக் குழுக்களை நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் மனநலக் குழுக்களை ஒப்பிடுபவர்கள் அதிகம் சறுக்குவது, நோயாளிகள் மருத்துவமனையில் தங்கிய நாட்களின் கணக்கில்தான். 'அமெரிக்காவில் குறைந்தது, லண்டனில் குறையவில்லை, ஆகவே லண்டன் குழு சரியில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். எதைவிடக் குறைந்தது? 1970களில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் ஏசிடி முறை (ஒரு குழுவே நோயாளியின் இடம் தேடிப் போய்த் தீவிரமாகக் கவனிப்பது) தொடங்கியபோது, ஒப்பிட அதற்கு எதிரே நின்றது மருத்துவமனையில் சேர்த்து, பிறகு வழக்கமான கவனிப்புக்கு அனுப்பும் முறை. 2006இல் வெளியான லண்டன் ஆய்வில் (251 பேர், 18 மாதம்) எதிரே நின்றதோ ஏற்கெனவே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சமூக மனநலக் குழு. அங்கே மருத்துவமனை நாட்களில் வித்தியாசம் வராததில் வியப்பில்லை. ஏசிடி குழுவிடம் இருந்தவர்களுக்குக் குழுவோடு ஒட்டுதலும் மனநிறைவும் கூடுதலாக இருந்தன. நாட்களை மட்டும் எண்ணினால் அது கண்ணில் படாது. எனவே முடிவைப் படிக்குமுன், எதிர்த்தரப்புக்கு யார், எங்கே, எத்தனை நாளுக்கொருமுறை என்ன செய்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, நோயாளிகள் எண்ணிக்கையைப் பணியாளர் எண்ணிக்கையால் வகுத்து அதோடு நிறுத்திவிடுவது. ஏசிடியில் ஒரு பணியாளருக்குச் சுமார் 10 நோயாளிகள். ஏசிடியை நெகிழ்வாக்கிய நெதர்லாந்தின் ஃபேக்ட் குழுவில் 11, 12 பணியாளர்கள் சேர்ந்து சுமார் 200 பேரைப் பார்க்கிறார்கள். வகுத்தால் 17, 18 வரும், கவனிப்பு நீர்த்துப்போனதாகத் தோன்றும். ஆனால் அங்கே காலைக் கூட்டத்தில் பலகை ஒன்று இருக்கும். மருந்தை நிறுத்தியவர், நிலை மோசமாகிறவர் பெயர் அதில் ஏறும். ஏறியவரை முழுக் குழுவும் மாறி மாறிப் போய்ப் பார்க்கும். தேறியதும் பெயர் இறங்கும். பலகையில் எத்தனை பேர் என்று கேட்காமல் விகிதம் போடாதீர்கள்.

படுக்கைக் கணக்கிலும் கவனம் தேவை. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துச் சமூக மனநல மையங்களுக்குள்ளேயே சில படுக்கைகள் உண்டு. அவை மருத்துவமனைக் கணக்கில் சேர்ந்தனவா என்று பாருங்கள்.

இந்திய ஆய்வுகளை அப்படியே பக்கத்தில் வைப்பதும் தவறு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தில் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், வீட்டுக்குப் போனவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. அங்கே மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தூங்கினாரா என்று பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டார்தான். அவர்கள் உழைப்பு பணியாளர் பட்டியலில் வராது. உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் அதற்குத் தனி நிரல் வையுங்கள்.