பிராக் நகரில் ஒரே நாள்: கோட்டையிலிருந்து கீழே இறங்குங்கள்

செக் நாட்டுத் தலைநகரான பிராக்கை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க விரும்புவோர், பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி மூச்சிரைக்கக் கோட்டை மேட்டில் ஏறுவதைவிட, காலையிலேயே 22ஆம் எண் டிராமில் ஏறி, பிராஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்கி, கோட்டையிலிருந்து கீழ்நோக்கி நடந்து வருவது நல்லது. காகிதப் பயணச்சீட்டு வாங்கியிருந்தால், டிராமில் ஏறியதும் அங்குள்ள கருவியில் அதை முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும். முத்திரையில்லாத சீட்டுக்கு அபராதம் விதிப்பார்கள்.

1344இல் தொடங்கி 1929இல்தான் முழுமையடைந்த புனித விட்டஸ் பேராலயம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கு வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகே அனுமதிக்கிறார்கள். ஆகவே அன்று மட்டும் பயணத்தின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

மாலா ஸ்ட்ரானா பகுதியின் சரிவான தெருக்கள் வழியாக இறங்கினால், 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தை அடையலாம். கருங்கல் பதித்த தெருக்கள் என்பதால் தடித்த அடிப்பாகமுள்ள காலணி அவசியம். பாலத்தைக் கடந்தால் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் அருகில்தான். மணிக்கொருமுறை திருத்தூதர் பொம்மைகள் தோன்றும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை என்பதால், அதற்காகக் கூட்டத்தில் நெடுநேரம் காத்திருப்பதைவிட அந்தக் கடிகாரம் அமைந்துள்ள பழைய நகர மன்றக் கோபுரத்தின் மேலே சென்று நகரைப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். முதியோருக்கு மின்தூக்கி வசதியும் உண்டு.